பேய்க்கரும்பின் குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

2016-ல் ஐப்பசியும் கார்த்திகையும் மழையே இல்லாமல் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நான் அப்போ பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் ஊர் திருக்கோஷ்டியூர். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற ரோட்டில், ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ரகசியத்தை ஊருக்கே சொன்னதாகச் சொல்கிறார்களே, அதே ஊர்தான். மாசித் தெப்பத்துக்கு விளக்கு வைக்க வந்திருந்தால் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

ஐயா அந்த வருஷம் கிணற்றை நம்பி முக்கால் ஏக்கர் கரும்பு போட்டிருந்தார். வெட்டுக்கு இரண்டு மாசம் இருக்கும்போதே கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் தோகை குழல் மாதிரி சுருண்டது. அப்புறம் நுனி கருகியது. கடைசியில் ஒரு கரும்பை ஒடித்துப் பார்த்தால் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆலைக்கு அனுப்பினால் வண்டிக்கூலிகூடத் தேறாது என்று மாட்டுக்கு வெட்டிப் போட்டார்கள். வீட்டில் அந்த வாரம் முழுக்க யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

எனக்குப் புரியாத விஷயம் வேறு ஒன்று. அதே வயலுக்கு நாற்பது அடி தள்ளி கண்மாய்க் கரை. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனால் கரையில் நாணல் மட்டும் வெள்ளைப் பூ விட்டுக்கொண்டு ஜம்மென்று நின்றது. யாரும் உரம் வைக்கவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை. அப்பத்தா அதைப் பேய்க்கரும்பு என்பாள். பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனார், திருவொற்றியூரில்தான் அது அவருக்கு இனித்தது என்று கதையும் சொல்வாள். நான் மென்று பார்த்தேன். சத்தியமாக இனிக்கவில்லை.

இரண்டும் சொந்தக்காரச் செடிகள் என்பது எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் தெரிந்தது. அதோடு, இந்த இரண்டு செடிகளின் உறவுமுறையை மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒரு பெண்மணி 1930களில் நம் கோயம்புத்தூரில் இருந்தார் என்பதும். அவர் பெயர் எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள்.

ஜானகி 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்றைக்கு அது கேரளா, அன்றைக்கு மதராஸ் மாகாணம். அப்பா இ.கே.கிருஷ்ணன் சப் ஜட்ஜ். வேலை கோர்ட்டில் என்றாலும் மனசு தோட்டத்திலும் பறவைகளிலும். வடமலபாரின் பறவைகளைப் பற்றி எழுதியவர். வீடு நிறையக் குழந்தைகள், கூடவே ஒரு பெரிய தோட்டம். செடியைப் பார்க்கும் பழக்கம் ஜானகிக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்து சாதி அடுக்கில் அதற்கு என்ன இடம் என்று விளக்கத் தேவையில்லை. பின்னால் அவர் வேலை பார்த்த இடங்களில் அது கூடவே வந்தது.

படிப்பு சென்னையில். குயீன் மேரீஸ் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்த பார்பர் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அதே சமயத்தில் வீட்டில் கல்யாணப் பேச்சும் நடந்தது என்றும், அவர் கப்பலைத் தேர்ந்தெடுத்தார் என்றும் குடும்பத்தார் சொல்வார்கள். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிச்சிகனில் முதுகலை முடித்து ஊர் திரும்பி, மறுபடியும் போய் 1931-ல் டாக்டர் பட்டத்தோடு வந்தார். தாவரவியலில் அந்த அளவுக்குப் படித்த பெண்கள் அப்போது உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான்.

திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பேராசிரியர் வேலை. 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு மரபியலாளராக வந்தார். நம் கதைக்கு முக்கியமான ஐந்து வருஷம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் உட்காருவோம்.

முதலில் கரும்பைப் பற்றி. நமக்கு மெல்லக் கிடைக்கிற தடித்த, மெத்தென்ற, சாறு வழிகிற கரும்பின் மூதாதை நியூகினி பக்கத்தில் மனிதன் வளர்த்து எடுத்த செடி. பெயர் சக்காரம் அஃபிசினாரம். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த செல்லப்பெயரே உயர்குடிக் கரும்பு என்பதுதான். பெயருக்கு ஏற்ற குணம். இனிப்பு கொட்டும், ஆனால் தண்ணீர் குறைந்தால் சோர்ந்துவிடும், நோய் வந்தால் படுத்துவிடும். இன்னொரு பக்கம் நம்ம பேய்க்கரும்பு, சக்காரம் ஸ்பான்டேனியம். ஆற்றோரம், கண்மாய்க் கரை, தரிசு, ரயில் பாதை ஓரம் என்று எங்கேயும் முளைக்கும். வேர் ஆழமாக ஓடும். மேலே எல்லாம் காய்ந்தாலும் தரைக்குள் இருக்கும் கிழங்குத் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். சாற்றில் சர்க்கரை மட்டும் பேருக்குத்தான்.

1912-ல் கோயம்புத்தூரில் நிலையம் ஆரம்பித்தபோது சார்லஸ் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரும், அவருக்கு அடுத்து வந்த டி.எஸ்.வெங்கட்ராமனும் செய்த முக்கியமான காரியம் இந்த இரண்டையும் சேர்த்து வைத்ததுதான். கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அந்தத் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதையும் வைக்கும். விவசாயி நடுவது கரணை, அதாவது தண்டுத் துண்டு. கரணையிலிருந்து வருவது அச்சு அசல் தாயின் நகல். புது ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் வேண்டும். வெள்ளை என்ற உயர்குடிக் கரும்போடு கோயம்புத்தூர் பேய்க்கரும்பைக் கலந்து வந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. உயர்குடிக் கரும்பு தாக்குப்பிடிக்காத அந்த மண்ணில் அது நின்றது. கோ என்றால் கோயம்புத்தூர். இன்றைக்கும் கரும்பு ரகங்களில் அந்த எழுத்தைப் பார்க்கலாம்.

சரி, கலப்பு வேலை செய்கிறது. ஏன் வேலை செய்கிறது? எந்தப் பேய்க்கரும்பைப் போட்டால் வேலை செய்யும்? இதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் ஜானகி வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிய வந்தது 1953-ல். ஜானகி கோயம்புத்தூரில் உட்கார்ந்திருந்தது அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால். ஜீன் என்ற சொல் இருந்தது, அது எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது குரோமோசோம்கள் மட்டும். எழுத்து படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு புத்தகத்தின் பக்கங்களை மட்டும் எண்ணி, இந்தப் புத்தகமும் அந்தப் புத்தகமும் ஒரே அச்சகத்தில் வந்தவை என்று கண்டுபிடிப்பதை யோசித்துப் பாருங்கள். அந்த மாதிரி வேலை.

செய்முறை கேட்கச் சுலபமாக இருக்கும். வளருகிற வேரின் நுனியை வெட்டு, ரசாயனத்தில் போட்டு செல்கள் அப்படியே நிற்கச் செய், சாயம் ஏற்று, மைக்ரோஸ்கோப்பில் வை, பிரிந்துகொண்டிருக்கிற செல் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் இருக்கிற குட்டிக் குட்டிக் குச்சிகளை எண்ணு. மனிதனுக்கு 46 என்றால்கூடச் சமாளிக்கலாம். கரும்பில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டும். எல்லாம் பொடிசு, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். போட்டோவில் தெளிவாக வராது, பார்த்துப் பார்த்துக் கையால் வரைய வேண்டும்.

உயர்குடிக் கரும்புக்கு 80 குரோமோசோம். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேய்க்கரும்புக்கு 64. அப்போ பிள்ளைக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? பாதி பாதி எடுத்தால் 40-ம் 32-ம் சேர்ந்து 72. பள்ளிக்கூட பயாலஜி அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்தக் கலப்பில் தாய்க் கரும்பு தன் பாதியை மட்டும் கொடுப்பதில்லை, முழு 80-ஐயும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. தந்தைப் பக்கம் 32 மட்டும். மொத்தம் 112. இந்த வினோதத்தை ஜாவாவில் டச்சுக்காரர்கள் 1920களிலேயே கவனித்திருந்தார்கள். இதனால்தான் ஒரே கலப்பில் இனிப்பு முழுசாகத் தங்கி, காட்டுக்குணமும் உள்ளே வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட தாய்வீட்டுச் சீர் மாதிரி, எல்லாத்தையும் கட்டிக்கொடுத்துவிடுவது.

ஜானகி கவனித்த பக்கம் தந்தையின் பக்கம். பேய்க்கரும்பு என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிற செடி உண்மையில் ஒரே மாதிரி இல்லை. இந்தியாவின் வெவ்வேறு இடத்துப் பேய்க்கரும்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1936-ல் வெளியானது. இன்றைக்கு நமக்குத் தெரிந்த கணக்குப்படி இந்த ஒரே இனத்துக்குள் 40-லிருந்து 128 வரை எண்ணிக்கை மாறுகிறது. அடிப்படைத் தொகுதி 8. ஒரு இடத்தில் அது ஐந்து பிரதி, இன்னொரு இடத்தில் எட்டு, வேறொரு இடத்தில் பதினாறு. ஆகவே பேய்க்கரும்போடு கலந்தேன் என்று சும்மா சொன்னால் போதாது, எந்த ஊர்ப் பேய்க்கரும்பு என்று சொல்ல வேண்டும். நம் திருக்கோஷ்டியூர் கண்மாய்க் கரையில் நிற்பதுவும் ஒரு தனி ஆசாமிதான்.

இது வறட்சியோடு எப்படிச் சேர்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு ஜானகிக்குப் பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்ததைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இ.சி.இ., இ.இ.இ. மக்கள் இதைக் கன்ட்ரோல் சிஸ்டம் பாடமாகவே படிக்கலாம்.

மண் காய ஆரம்பித்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. செல்லில் அதைப் பிடிக்க ஒரு ரிசப்டர் புரதம் இருக்கிறது. சாதாரண நாளில், வறட்சிக்கான ஸ்விட்சுகளைத் தட்டிவிடும் ஒரு கைனேஸ் நொதியை இன்னொரு நொதி பிரேக் போட்டு அமுக்கி வைத்திருக்கும். அமிலம் ரிசப்டரில் உட்கார்ந்ததும் அந்த ரிசப்டர் போய் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் விட்டதும் கைனேஸ் ஓட ஆரம்பிக்கிறது. முதல் வேலை இலைத்துளைகளை மூடுவது. தண்ணீர் ஆவியாவது குறையும். அடுத்த வேலை கருவுக்குள் போய் வறட்சி மரபணுக்களை எழுப்புவது. டிரெப் என்று ஒரு கூட்டம் ஸ்விட்ச் புரதங்கள் உண்டு, அவை பெரும்பாலும் இந்த அமிலத்தை நம்பாமல் தனி வழியில் இன்னொரு தொகுதி மரபணுக்களை எழுப்பும். எழுந்த மரபணுக்கள் என்ன செய்யும்? சில, செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற புரோலின் மாதிரிப் பொருட்களைச் செய்யும். சில, மற்ற புரதங்கள் உருக்குலைந்து போகாமல் தாங்கிப் பிடிக்கும். சில, வேரை ஆழத்துக்கு அனுப்பும்.

இதற்கெல்லாம் கூலி உண்டு. இலைத்துளையை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. அது வராவிட்டால் சர்க்கரை கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷமாக இனிப்பாக இருக்கிற கரும்பை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி நட்டவன் மனிதன், வாசலை எப்போதும் திறந்து வைக்கிற செடியைத் தன்னையறியாமல் தேர்ந்தெடுத்திருக்கிறான். பேய்க்கரும்பை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வெயில்தான் தேர்ந்தெடுத்தது. ஐயாவின் கரும்பு சுருண்டதும் கண்மாய் நாணல் பூத்ததும் இந்தக் கணக்குப்படி நடந்தவை.

இன்றைய வணிக ரகங்களின் குரோமோசோம்களில் பெரும்பகுதி உயர்குடிக் கரும்பிலிருந்து வந்தது, பத்துப் பதினைந்து சதவீதம்தான் பேய்க்கரும்பிலிருந்து. அந்தக் கொஞ்சத்தில்தான் மறுதாம்பு நன்றாக வருவதும், நோய் தாங்குவதும், ஓரளவு வறட்சி தாங்குவதும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவும் எட்டு, பத்து பிரதிகளாக இருப்பதால் எந்தப் பிரதி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே பெரிய தலைவலி. மனித ஜீனோமை 2000களின் ஆரம்பத்திலேயே படித்துவிட்டார்கள். பேய்க்கரும்பின் ஜீனோம் 2018-லும், ஒரு வணிகக் கரும்பு ரகத்தின் விரிவான ஜீனோம் 2024-லும்தான் வந்தன. பக்கங்கள் அவ்வளவு, எல்லாம் ஒன்றைப் போலவே இருக்கிற பக்கங்கள்.

திரும்ப ஜானகியிடம் போவோம். அவர் பேய்க்கரும்போடு நிற்கவில்லை. கரும்புக்குச் சற்றுத் தூரத்துச் சொந்தமான எரியாந்தஸ், இம்பெராட்டா என்ற தர்ப்பை வகைப் புல், நரங்கா, சோளம், மக்காச்சோளம் வரை கலந்து பார்த்தார். மக்காச்சோளக் கலப்பு 1938-ல் நேச்சர் இதழில் வந்தது. அதே காலத்தில் வெங்கட்ராமன் கரும்பை மூங்கிலோடு கலந்ததாக அறிவித்து உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தார். அந்தச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவரும் ஜானகிதான். மூங்கில் கலப்பு உண்மையான கலப்பா என்று பின்னால் பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் புல் குடும்பத்தில் எவ்வளவு தூரம் வரைக்கும் போய்ப் பெண் கேட்கலாம் என்ற கேள்வியை அவ்வளவு தைரியமாகக் கேட்டது அந்தக் கூட்டம்தான். 1935-ல், இந்திய அறிவியல் அகாடமி ஆரம்பித்த மறு வருஷமே சி.வி.ராமன் அவரை அதில் உறுப்பினராக்கினார்.

வெளியே மரியாதை, உள்ளே வேறு. கல்யாணம் ஆகாத பெண், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகம், டாக்டர் பட்டம். ஆண்கள் மட்டும் இருந்த ஒரு நிலையத்தில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி இருந்திருக்கும்? அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் கோயம்புத்தூரில் அவர் ஒட்டாமல், ஒட்டவிடப்படாமல் இருந்ததைப் பதிவு செய்கிறார்கள். இதை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி அப்படித்தான் என்று சொல்லித் தாண்டிப் போவது சுலபம். நம் லேப்களில் இன்றைக்கு யார் ரீடிங் எடுக்கிறார்கள், யார் ரெக்கார்ட் எழுதித் தருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் தாண்டலாம்.

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி போனார். மாநாடு முடிகிற சமயத்தில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அணில் ஒன்றை இந்தியாவிலிருந்து ஒளித்துக்கொண்டு போனார், அதற்குக் கபோக் என்று பெயர், அதுவும் நிலையத்திலேயே வளர்ந்தது என்று ஒரு கதை உண்டு. பெட்டிக்குள் அணிலோடு கஸ்டம்ஸ் தாண்டுகிற ஒரு சைட்டாலஜிஸ்ட். படமாக எடுத்தால் முதல் சீன் இதுதான். ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் போய்விடுவாராம், காலையில் அலமாரியில் உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். கோயம்புத்தூரில் செய்த கரும்புக் கலப்புகளைப் பற்றிய நீண்ட கட்டுரைகளை அவர் 1941, 1942-ல் அங்கிருந்துதான் வெளியிட்டார்.

1945-ல் சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். மனிதன் வளர்க்கிற செடிகள் அத்தனைக்கும் குரோமோசோம் எண்ணிக்கையை ஒரே இடத்தில் திரட்டிய புத்தகம். பிறகு விஸ்லியில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் சைட்டாலஜிஸ்ட். அங்கே கோல்ச்சிசின் என்ற ரசாயனத்தால் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் சோதனைகள் நடத்தினார். அவர் பெயர் தாங்கிய ஒரு மக்னோலியா ரகம் இன்றும் இருக்கிறது. கரும்பில் இருந்தவரை பூச்செடி பக்கம் போகவைத்தது போர். நமக்கு நஷ்டம்தான் என்று எனக்குத் தோன்றும். கோயம்புத்தூரில் அவர் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று யோசிப்பேன். ஆனால் இருந்திருந்தாலும் இருக்க விட்டிருப்பார்களா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

1951-ல் நேரு அழைத்ததன் பேரில் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. பிறகு அலகாபாத், ஜம்மு, பம்பாய் டிராம்பே என்று பல ஊர்கள். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றியிருக்கிறான் என்று விவாதித்த பெரிய கூட்டத்தில் அழைக்கப்பட்ட ஒரே பெண் விஞ்ஞானி அவர். அங்கே அவர் பேசியது இந்தியாவின் பிழைப்பு விவசாயத்தைப் பற்றி. மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிக் காட்டையும் ஊரையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். காட்டுச் சொந்தங்களை அழித்துவிட்டால் நாளைக்கு நம் பயிருக்குக் கடன் கேட்க ஆளிருக்காது என்பது கரும்பில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா என்ன?

எழுபது வயதைத் தாண்டி சென்னை வந்தார். மதராஸ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு விஞ்ஞானி, மதுரவாயலில் இருந்த அதன் களஆய்வு நிலையத்தில் குடியிருப்பு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் வந்தபோது, எண்பது வயதில் எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார். எதிர்ப்பதோடு விடாமல் அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணும் வேலையையும் எடுத்துக்கொண்டார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில், 86 வயதில் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

2015-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எரியாந்தஸ் புல்லிலிருந்து, வெப்பத்திலும் வறட்சியிலும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு மரபணுவை எடுத்து, தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் நிற்கிற கோ 86032 ரகத்துக்குள் வைத்தார்கள். மாற்றிய செடிகள் தண்ணீர் நிறுத்தியபோது மாற்றாத செடிகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அதே புல்லின் டிரெப் மரபணு ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள். அது இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை. இந்தோனேசியாவில் பாக்டீரியா மரபணு ஒன்றை வைத்த வறட்சி தாங்கும் கரும்புக்கு 2013-லேயே அனுமதி கொடுத்தார்கள், நம்மூரில் அந்த விவாதம் தனிக்கதை. எனக்குச் சிலிர்த்தது வேறு. ஜானகி எண்பது வருஷம் முன்னால் அதே ஊரில் மகரந்தத்தைத் தட்டிக் கொண்டுவர முயன்ற அதே சொந்தக்காரப் புல்லை நோக்கித்தான் ஜீன் எடுக்கவும் போயிருக்கிறார்கள்.

போன பொங்கல் லீவில் கண்மாய்க் கரையில் ஒரு நாணல் குத்தைத் தோண்டி ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டாள், இதைப் போய் யாராவது காரைக்குடிக்குக் கொண்டுபோவார்களா என்று. பாட்டனி படிக்கிற நண்பன் ஒருவன் உதவினான். புது வேர் விடுவதற்கு ஒன்பது நாள், நுனியை வெட்டி ஸ்லைடு போட இரண்டு நாள். முதல் பத்து ஸ்லைடில் ஒன்றுமே தெரியவில்லை. பதினொன்றாவதில் ஒரு செல் கிடைத்தது, மஞ்சளுக்குள் கடுகு சிதறின மாதிரி. எண்ணினேன், 57. மறுபடி எண்ணினேன், 63. நண்பன் எண்ணினான், 61. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்த மூன்று புள்ளிகள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. நான்காவது தடவை ஆரம்பிக்கும்போது லேப் அட்டென்டர் அண்ணன் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.